கோட்டை விழுந்தும் போர் ஓயாதது ஏன்?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யான் பயின்ற நாளில், பாளையக்காரர் போரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கயத்தாற்றுப் புளியமரத்தடியில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதோடு போர் முடிவுற்றது என்று அதனை முடித்திருந்தேன். விரிவுரையாளர் அந்தக் கடைசி வரியின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, பக்கத்தில் “1801?” என்று மட்டும் எழுதித் தந்தார். மதிப்பெண் குறைந்த வருத்தத்தில் அந்த எண்ணை அன்று பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டு கழித்து, எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், “ராஜாவையே தூக்குல போட்டாச்சே, அப்புறம் எதுக்குங்கய்யா சண்டை போட்டாங்க?” என்று கேட்டபோதுதான், சிவப்பு மையின் பொருள் எனக்கு முழுதும் விளங்கிற்று.

அவன் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வியன்று. தமிழ் பயின்ற நம்மில் பலரும் அவ்வாறே எண்ணிப் பழகியிருக்கிறோம். சேர மன்னனும் சோழ மன்னனும் ஒரே களத்தில் மாண்ட செய்தியைக் கழாத்தலையாரும் பரணரும் பாடிய புறநானூற்றுப் பாட்டுகளைப் படிக்குங்கால், வேந்தர் வீழ்ந்தனர், போரும் அடங்கிற்று என்றே மனம் கொள்கிறது. 1959-இல் வெளிவந்த திரைப்படமும் தூக்குமரத்தோடு முடிந்துவிடுகிறது. திரை விழுந்த பிறகு நடந்தவையே வரலாற்றில் பெரும்பகுதி என்பதை யார் நினைக்கிறார்கள்?

நடந்ததை முறையாகப் பார்ப்போம். 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். சில நாளில் கோட்டை கைவிடப்பட்டது. அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டுக் கொல்லப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட கட்டபொம்மன், ஏனைய பாளையக்காரர் கூடிநிற்க, அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியுடன் நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிமுதலாயின. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கட்டளை பிறந்தது. கும்பினியாரின் கணக்கின்படி எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கணக்கில் விடுபட்டது என்ன? இதற்கு விடை காணப் பாளையம் என்பது யாதென்று முதலில் தெரிய வேண்டும். பாளையம் என்ற சொல்லுக்கே படை தங்குமிடம் என்பது பொருள். பாளையக்காரரிடம் வேலும் வாளும் ஏந்திநின்றவர் மாதச் சம்பளம் வாங்கும் சிப்பாய்கள் அல்லர். படைப்பணிக்கு ஈடாக நிலம் பெற்று, அமைதிக் காலத்தில் உழுது, முரசு கேட்டால் ஆயுதத்தோடு வந்துசேரும் குடிகள் அவர்கள். ஊர்க்காவலும் பாளையக்காரர் ஆட்களின் கையில் இருந்தது. ஊரார் காவலுக்கென்று கூலி கொடுப்பர். களவு போனால் பொருளை மீட்டுத் தருவது காவற்காரன் கடமை, மீட்க இயலாவிடில் ஈடு செய்ய வேண்டும். ஆகவே பாளையக்காரர் ஒருவர் வீழ்ந்தால், அவரோடு ஓர் அரண்மனை மட்டும் போவதில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலவுரிமையும் காவற்கூலியும் ஊரில் அவர்களுக்கிருந்த மதிப்பும் ஒரே நாளில் போய்விடுகின்றன. போகாமல் எஞ்சுவது அவர்கள் கற்ற தொழில் ஒன்றே. அது போர்த்தொழில்.

நம் தோட்டத்து வழக்கத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். பெரிய துரை ஒருவர் போய் இன்னொருவர் வந்தாலும், மறுநாள் விடியலில் பெரட்டு நடக்கத்தான் செய்யும். பேர்ப்பதிவுப் புத்தகம் இருக்கிறது, சம்பளநாள் இருக்கிறது. துரையை விரட்டியவர்கள் பேர்ப்பதிவுப் புத்தகத்தையும் கிழித்தெறிந்துவிட்டு, “இனி உங்களுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் தொடர்பில்லை” என்றால், அந்தக் கூட்டம் எங்கே போகும்? பெரட்டுக்களத்திலேயே நிற்கும். அதன் கையில் கத்தியும் இருக்கும்.

பாஞ்சாலங்குறிச்சியின் கூட்டம் பதினாறு மாதம் அவ்வாறு நின்றது. கட்டபொம்மனின் தம்பியரான ஊமைத்துரையும் செவத்தையாவும் அப்போது பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தனர். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் வெள்ளையர் விருந்துண்டு கொண்டிருந்த வேளையில், வேடமிட்டு ஊருக்குள் புகுந்த ஆட்கள் சிறைக்காவலரை மடக்கி அவர்களை மீட்டுச் சென்றனர். அடுத்த சில நாளில், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட மண்கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. நேரில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படைத்தலைவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்த வேகத்தை வியந்திருக்கிறார். பேச இயலாத ஊமைத்துரை சைகைகளாலேயே படையை நடத்தினார் என்பதும், அவர் ஒரு துரும்பை அசைத்தால் அதற்கும் பொருள் கண்டு நடந்தவர்கள் அவர் ஆட்கள் என்பதும் அக்குறிப்புகளால் தெரிகின்றன. மார்ச் 31-இல் கும்பினிப் படை செய்த தாக்குதல் பலத்த இழப்போடு முறிந்தது. அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்தபின், மே 24-இல்தான் கோட்டை மறுபடி வீழ்ந்தது. 1799-இல் சில நாளில் முடிந்த வேலைக்கு இம்முறை மூன்றரை மாதத்திற்கும் மேலாயிற்று!

இங்கே ஒன்றை நிறுத்திக் கவனிக்க வேண்டும். கட்டபொம்மன் உயிரோடிருந்தவரை சண்டைக்குக் காரணம் கிஸ்தி பாக்கி, கலெக்டர் ஜாக்சன் செய்த அவமதிப்பு, எல்லைத் தகராறு ஆகியவை. பேசித் தீர்க்கக்கூடியவை. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்ததாயினும், மேலிடத்து விசாரணைக்குப்பின் ஜாக்சன் பதவி இழந்தார் என்பதும் உண்மை. அதாவது, பேச ஓர் ஆள் இருந்தார், பேச ஒரு பொருளும் இருந்தது. அவரைத் தூக்கிலிட்டபின் கிஸ்தி பாக்கி என்ற பேச்சே அற்றுப்போயிற்று. அவர் இருந்த இடத்தில் நின்று, “போதும், ஆயுதத்தைக் கீழே வையுங்கள்” என்று சொல்லத்தக்க உரிமையுடையவர் எவரும் இல்லை. சிறையிலிருந்து மீண்ட தம்பியருக்கோ அடிபணிந்தாலும் கிடைப்பது தூக்குக் கயிறுதான் என்பது தெரியும். அண்ணனுக்கு நேர்ந்ததைக் கண்டவர்கள் அல்லவா? தோற்றவனுக்கு வாழ வழியில்லை என்று வென்றவனே கயத்தாற்றில் பறைசாற்றியபின், தோற்க யார் முன்வருவார்?

ஒரு பாளையத்தின் சண்டை ஒரு நாட்டின் சண்டையாக மாறியதும் இதனாலேயே. ஊமைத்துரை தப்பிச் சிவகங்கைச் சீமைக்குள் சென்று மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். சிவகங்கை வேறு ஆட்சி. மருதிருவர் மறவர் சீமையை ஆண்டவர்கள், ஊமைத்துரை தெலுங்கு பேசும் நாயக்கர் மரபினர். ஒருவர் பகை மற்றவர் பகையாக வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆயினும் அவரை ஒப்படைக்கச் சின்ன மருது மறுத்துவிட்டார். 1801 ஜூன் 16-ஆம் நாளைத் தாங்கிய அவருடைய அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபு மாளிகை வாயிலிலும் திருவரங்கக் கோயிற் சுவரிலும் ஒட்டப்பட்டது. அவ்வறிக்கையில் கிஸ்தி, எல்லை என்ற பேச்சு இல்லை. ஜம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும், கும்பினியின் கீழ்ச் சேவகம் செய்யும் சிப்பாய்களையுங்கூட விளித்து, அந்நியர் ஆட்சியையே எதிர்க்குமாறு அழைத்தது. தலைவனுக்காக நடந்த போரில் தலைவன் போனதும், போருக்குப் பொருள் சுருங்கவில்லை, விரிந்துவிட்டது.

கும்பினியாருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1795-இல் இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியை அரியணையிலிருந்து இறக்கிச் சிறையிலடைத்தார்கள். நான்காண்டு கழித்து, 1799 ஏப்ரலில், சித்திரங்குடி மயிலப்பன் தலைமையில் முதுகுளத்தூர்ப் பகுதி எழுந்தது. அதே 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். நகரம் பிடிபட்ட குழப்பத்தில் சிறையிலிருந்து வெளியேறியவர்களுள் தூந்தியா வாக் என்ற குதிரைவீரரும் ஒருவர். கலைக்கப்பட்டுப் பிழைப்பற்றுத் திரிந்த திப்புவின் குதிரைப்படையினர் அவரிடம் திரண்டனர். இரண்டு உலகங்களுக்கும் அரசன் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டார். பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன், அன்று ஆர்தர் வெல்லெஸ்லி, அவரைத் துரத்தித் துரத்தி 1800 செப்டம்பர் 10-இல்தான் கொன்றார். திப்புவுக்கு ஈடான அரசர் அல்லர் தூந்தியா. ஆனால் அரசர் இல்லாத படைக்கு அரசர் கிடைப்பது எளிது என்பதை அவர் காட்டிவிட்டார்.

இலங்கைச் செய்தி இதனினும் விந்தையானது. கண்டியின் கடைசி மன்னர் சிறீ விக்கிரம இராசசிங்கன் மதுரை நாயக்கர் வழியினர். அவர்மேல் வெறுப்புற்ற கண்டிப் பிரதானிகளே ஆங்கிலேயருக்குத் துணைநின்று 1815 பிப்ரவரியில் அவரைப் பிடித்துக் கொடுத்தனர். மார்ச் 2-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தார். வேண்டாத மன்னர் போய்விட்டார், ஒப்பந்தமும் இருக்கிறது, இனி என்ன? இரண்டரை ஆண்டில், 1817-இல், ஊவாவில் கலகம் மூண்டது. அதனை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பட்டிப்பொல என்ற பிரதானியே கலகக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார். எதைக் கொண்டு மக்களைத் திரட்டினார்கள் தெரியுமா? போன மன்னரின் உறவினரான துரைசாமி வந்துவிட்டார் என்று ஒருவரைக் காட்டினார்கள். அவர் உண்மையில் நாயக்கரும் அல்லர், துரைசாமியும் அல்லர், வில்பாவ என்பவர். மன்னரை விரட்டியவர்களே இரண்டாண்டில் பொய்யாகவேனும் ஒரு மன்னரைத் தேடும்படி ஆயிற்று. அரசரை வெறுப்பது வேறு, அரசரால் வந்த தம் நிலையை இழப்பது வேறு.

தென்னாட்டுப் போர் எப்படி முடிந்தது என்பதற்கு வருவோம். காளையார்கோயில் 1801 அக்டோபர் 1-இல் விழுந்தது. மருதிருவர் அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-இல் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலேறினர். தூக்குமரங்களால் போர் முடிந்தது என்பார்கள். அச்சத்திற்குப் பங்கில்லை என்று யான் கூறேன். ஆனால் 1799-இலும் தூக்குமரம் இருந்ததே! அப்போது இல்லாத இரண்டு காரியங்கள் இம்முறை நடந்தன. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சிவகங்கை மரபில் உரிமை கோரத்தக்க படமாத்தூர் கௌரி வல்லபரைத் தேடிப்பிடித்து அவரே அச்சீமைக்கு உரியவர் என்று கும்பினியார் முடிசூட்டினர். மருதிருவரை விட்டு விலக நினைத்த குடிகளுக்கு, அந்நியனிடம் அல்லாமல் தம் மரபினரிடமே போய்ச்சேர ஓர் இடம் கிடைத்தது. அடுத்து, 1801 டிசம்பர் 1-ஆம் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆயுதம் வைத்திருப்பது குற்றம், கோட்டைகள் இடிபடும், ஆனால் நிலத்தீர்வை நிலையாக வரையறுக்கப்படும் என்றது அவ்வறிக்கை. 1803-இல் நிலையான தீர்வை ஏற்பாட்டின்படி பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். வாளை வாங்கிக்கொண்டு பட்டாவைக் கொடுத்தார்கள் எனலாம்.

இதனை நயமான அரசியல் என்று யான் புகழவில்லை. ஜமீன்தாருக்குப் பட்டா கிடைத்தது, அவர்கீழ் வேலேந்திய எளிய குடிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தராது. காவற்கூலி உரிமை பற்றிய பூசல்கள் அடுத்த நூறாண்டும் நெல்லை, மதுரை மாவட்டங்களில் தொடர்ந்தன. ஆயினும் போர் என்ற அளவில் அது நின்றதற்குக் காரணம் மேற்கூறிய இரண்டுமே என்பது என் துணிபு.

நம் மலாயா மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. 1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பானியப் பேரரசர் வானொலியில் பேசினார். அவர் அரியணையில் விடப்பட்டிருந்தார், அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. ஆகவே தோற்கடிக்கப்படாமல் இங்கே நின்ற ஜப்பானியப் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. செப்டம்பர் 2-இல் பினாங்குக்கு அப்பால் ‘நெல்சன்’ என்ற போர்க்கப்பலில் சரணாகதி கையெழுத்தாயிற்று. ஆனால் காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினரின் கதை வேறு. ஜப்பானியர் ஆட்சி ஓய்ந்து ஆங்கிலேயர் மீள்வதற்குள் பல ஊர்களில் பழிவாங்கல் நடந்தது. 1945 டிசம்பரில் அப்படையைக் கலைத்தபோது, துப்பாக்கியை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுத்தார்கள். அந்தப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? எல்லாத் துப்பாக்கிகளும் ஒப்படைக்கப்படவுமில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. நம் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்ததும், அரிசியை அளந்து கொடுத்ததும் மூத்தோர் வாயால் நாம் கேட்டவை. 1955 டிசம்பரில், இங்கிருந்து தொலைவில் இல்லாத பாலிங்கில், துங்குவும் சின் பெங்கும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். ‘நிறுத்து’ என்று சொல்லத்தக்கவர் இருபுறமும் இருந்தனர். சரணடைந்தபின் வாழ்வு என்ன என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. அந்த ஒரு வினாவுக்கு இரு தரப்பும் ஒப்பும் விடை 1989 டிசம்பர் 2-இல் ஹட்யாயில்தான் கிடைத்தது.

அண்மைக்காலத்து ஈராக்கை எல்லாரும் அறிவர். பாக்தாது 2003 ஏப்ரல் 9-இல் வீழ்ந்தது. மே 23-இல் ஒரே கட்டளையால் ஈராக்கியப் படை முழுதும் கலைக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் சம்பளமும் மதிப்பும் இழந்து துப்பாக்கியோடு வீடு திரும்பினர். டிசம்பரில் சதாம் உசேன் பிடிபட்டார், 2006-இல் தூக்கிலிடப்பட்டார். போர் அதனைப் பொருட்படுத்தவே இல்லை. பாஞ்சாலங்குறிச்சியின் வரலாற்றைப் படித்திருந்தால் அந்த மே மாதக் கட்டளையில் கையெழுத்திட ஒருவர் சற்றுத் தயங்கியிருப்பார்.

என் மாணவனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பினாங்குப் பிள்ளையாதலால் அவனுக்கு வேறொன்றைச் சொன்னேன். மருதிருவரைத் தூக்கிலிட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, வேல்சு இளவரசர் தீவு என்று அன்று வழங்கிய நம் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்தளவு. 1818-இல், முன்னர்க் கூறிய ஜேம்ஸ் வெல்ஷ் இத்தீவுக்கு வந்தார். இளமையில் மதுரையில் இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. நலிந்து முதுமை தோன்றிய ஒருவர் அவரிடம் வந்து, தாம் சின்ன மருதுவின் மகன் என்று சொல்லிக்கொண்டார். முப்பது வயதைச் சற்றே கடந்த ஆள்! அந்த ஆண்டு இத்தீவின் ஆளுநராக இருந்தவர் கர்னல் பானர்மேன், கயத்தாற்றில் தூக்குமரம் நாட்டிய அதே பானர்மேன். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் இங்கேயே இறந்தார்.

முன்பு நார்தாம் சாலை என்றும் இன்று சுல்தான் அகமது ஷா சாலை என்றும் வழங்கும் தெருவில், பிரான்சிசு லைட்டின் கல்லறை இருக்கும் பழைய புரொட்டஸ்டண்டு இடுகாட்டில், பானர்மேனின் கல்லறையும் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் அங்கே அழைத்துப் போகிறேன் என்றேன். “துரைசாமியோடது எங்கேங்கய்யா?” என்று கேட்டான்.